பினாங்குத் தீவில் 550,000 வெள்ளிக்கு கொண்டோ: வாங்குவதா, அக்கரைக்குப் போவதா?

எனக்கு எழுதிய தம்பி ஒருவர் கேட்டது சுருக்கமாக இதுதான். அவருக்கு வயது 31, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி கிளினிக்கில் வேலை. இரண்டு சம்பளமும் சேர்த்து மாதம் 7,500 வெள்ளி (ரிங்கிட்). சுங்கை டுவாவில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஏஜெண்ட் ஒருவர் குளுகோரில் மூன்று அறை கொண்டோ ஒன்றை 550,000க்குக் காட்டிவிட்டு, இந்த வாரமே புக்கிங் போடச் சொல்கிறார். மாமனார் வீட்டில், அக்கரையில், அதாவது பாலம் தாண்டிப் பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட் பக்கம் தரைவீடு பாருங்கள் என்கிறார்கள். நண்பர்களோ, விலை இறங்கப் போகிறது, பொறுங்கள் என்கிறார்கள். கடைசியில் ஒரு வரியாக, பாயா தெருபோங்கில் அம்மாவுக்கு ஒரு மலிவு விலை பிளாட் இருக்கிறது, அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் நல்லதா என்றும் கேட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. அதை முடிவில் சொல்கிறேன்.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடமாக வீட்டுப் பத்திரங்களோடு கிடக்கிறவன். வக்கீல் இல்லை, கிளார்க். ஆனால் யார் எந்த விலைக்கு வாங்கி, எத்தனை வருடம் தாக்குப்பிடித்து, எப்போது லெலோங்குக்கு, அதாவது ஏலத்துக்குப் போனார்கள் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும்.

முதலில் பதில். அந்த 550,000 வீட்டை வாங்காதீர்கள். தீவு வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் சம்பளத்துக்கு 500,000 என்பது தாண்டக்கூடாத கோடு. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

வங்கி 90 விழுக்காடு கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 550,000க்கு உங்கள் கைக்காசு 55,000. கடன் 495,000. 35 வருடம், வட்டி 4 விழுக்காடு என்றால் மாதம் ஏறக்குறைய 2,190 வெள்ளி. வட்டி அரை விழுக்காடு ஏறினால் 2,340. வட்டி ஏறாது என்று யாராவது சொன்னால், 2020ல் 1.75ஆக இருந்த, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வட்டி விகிதம் 2023 மே மாதத்தில் 3.00க்கு வந்து நின்றதை ஞாபகப்படுத்துங்கள். அப்போது எத்தனை பேர் தவணை ஏறிப்போச்சு என்று எங்கள் ஆபீசுக்குப் போன் அடித்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும். எங்களுக்குப் போன் அடித்து என்ன செய்ய, நாங்களா வட்டி போட்டோம்.

அதோடு கொண்டோ என்றால் பராமரிப்புக் கட்டணம். ஆயிரம் சதுர அடிக்கு 30 காசு வீதம் போட்டாலே 300 வெள்ளி, அதன் மேல் சிங்கிங் ஃபண்டுக்கு, அதாவது பெரிய பழுதுகளுக்கான சேமிப்புக்கு, 10 விழுக்காடு. ஆக மாதம் 2,500க்கு மேல். 7,500 என்பது சம்பளச் சீட்டில் இருக்கிற எண். சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தா எல்லாம் போய்க் கைக்கு வருவது 6,600 போல. கார் தவணையையும் சேர்த்தால் பாதிச் சம்பளம் முதல் தேதியிலேயே முடிந்துவிடும். வங்கி ஒருவேளை கடன் கொடுத்துவிடும். அதுதான் எனக்குப் பயம். வங்கி பார்ப்பது இன்றைய சம்பளத்தை. பிள்ளை பிறந்து மனைவி ஒரு வருடம் வேலையை விட்டால் என்ன ஆகும் என்பது அதன் கணக்கில் கிடையாது.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத செலவு. வீட்டை மாற்றும் முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2, அதற்கு மேல் 3. 550,000க்கு இது 10,500. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 2,475. வக்கீல் கட்டணம் இரண்டு பத்திரத்துக்கும் சேர்த்து 13,000க்குக் கொஞ்சம் கீழே. எல்லாம் கூட்டினால் 26,000. முன்பணத்தோடு சேர்த்துச் சாவி கைக்கு வருவதற்குள் 81,000 வெள்ளி போயிருக்கும், இன்னும் ஒரு மின்விசிறி கூட மாட்டவில்லை.

இப்போது அதையே 500,000க்குக் கொண்டுவாருங்கள். முதல் வீடு வாங்குகிற குடிமகனுக்கு 500,000 வரை இந்த இரண்டு முத்திரை வரியும் இல்லை. 2021ல் தொடங்கிய சலுகை, 2027 முடிய நீட்டித்திருக்கிறார்கள். முன்பணம் 50,000, வக்கீல் கட்டணம் 12,000க்குள். ஆக 62,000. விலையில் 50,000 குறைத்ததற்குக் கைக்காசில் மட்டும் 19,000 மிச்சம், மாதத் தவணையில் 200. ஒரே கட்டடத்தில் பத்தாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் இருக்கிற வித்தியாசம்தான் இது பல சமயம். ஒன்று மட்டும் கவனம்: ஒப்பந்தத்தில் 498,000 என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அரசு மதிப்பீட்டுத் துறை அந்த வீட்டின் சந்தை மதிப்பு 520,000 என்று சொன்னால் சலுகை போச்சு. பழைய வீடு வாங்கும்போது இதில் மாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வாங்கினால் இருவருக்குமே அது முதல் வீடாக இருக்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

சரி, ஏன் இப்படி விலை ஏறிக் கிடக்கிறது, இறங்குமா?

தீவு மொத்தமே 300 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் முதுகெலும்பு மாதிரி மலை. 250 அடிக்கு மேலும், 25 பாகைக்கு மேல் சரிவான இடத்திலும் கட்டக்கூடாது என்பது மாநிலத்தின் விதி, விதிவிலக்குகள் பற்றிய சண்டை தனிக்கதை. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்ததற்குப் பிறகு மலையைத் தொடுவதென்றால் ஊரே பதறுகிறது, பதறத்தான் வேண்டும். மலையை விட்டால் கடல். தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்துக் கட்டியதெல்லாம் யாருக்கான வீடுகள் என்று ஒரு தடவை அந்தப் பக்கம் வண்டியில் போனாலே தெரியும். தெற்கே மூன்று தீவு போடுகிறோம் என்று ஆரம்பித்து, மீனவர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2023ல் அது ஒரே தீவாகச் சுருங்கியது. அங்கேயும் நம் பட்ஜெட்டில் வீடு வரும் என்று காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். மீதியை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அப்பா துறைமுகத்தில் வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் நாங்களும் இன்னும் இரண்டு குடும்பமும். வாடகை சில பத்து வெள்ளிதான். 1948 ஜனவரி முடிவுக்குள் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது; 1966ல் வந்த அந்தச் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே அதிகக் கட்டடங்கள் இருந்த ஊர் ஜார்ஜ் டவுன். வீட்டுக்காரரால் வாடகையை ஏற்ற முடியாது, அதனால் கூரை ஒழுகினாலும் பார்க்கமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். 1997ல் சட்டத்தை ரத்து செய்தார்கள், 2000 ஜனவரி முதல் தேதி கட்டுப்பாடு முழுதாகப் போனது. எங்களுக்கு வந்த கடிதத்தில் புது வாடகை பழையதைப் போலப் பல மடங்கு. அம்மா அந்தக் கடிதத்தை மூன்று நாள் சாமி மாடத்தில் வைத்திருந்தார், என்ன நம்பிக்கையோ. நாங்கள் ஆயர் ஈத்தாம் பக்கம் போனோம், மற்ற இரண்டு குடும்பமும் பட்டர்வொர்த் போனது. எட்டு வருடம் கழித்து, 2008 ஜூலையில், யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. அதன் பிறகு அந்தத் தெருக்களில் தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் வந்தன. எங்கள் மேல்மாடி இப்போது ஒரு சின்ன ஹோட்டல். ஒரு இரவுக்கு அவர்கள் வாங்குவது, நாங்கள் கொடுத்த ஒரு வருட வாடகைக்கு மேலே இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே போய்ப் பார்க்க மனசு வரவில்லை.

அந்த மலிவான வாடகை இருந்த காலத்தில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கவில்லை. தோட்டத்தில் இருந்தவர்களுக்கும் இதே கதை. லயத்தில் வீடு சும்மா கிடைத்தது, வேலை போனபோது வீடும் சேர்ந்து போனது. 2009ல் குளுகோரில் கம்பம் புவா பாலா இடிக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். மாடு வளர்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இருந்த தமிழ்க் குடும்பங்கள், நிலம் தங்களுக்கு அறக்கட்டளையாக விடப்பட்டது என்று கோர்ட் வரை போனார்கள். கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், அவர்கள் பெயர் இல்லை. அத்தோடு முடிந்தது. அதனால்தான் வாடகைக்கே இருந்துவிட்டுப் பணத்தை யூனிட் டிரஸ்டில் போடு என்று சொல்கிற கெட்டிக்காரர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் என் வாயிலிருந்து அந்த யோசனை வராது.

இன்னொரு பக்கம், தீவில் கட்டி முடித்து விற்காமல் கிடக்கிற கொண்டோக்கள். கட்டி முடித்துத் தகுதிச் சான்று வாங்கிய பிறகும், அறிமுகப்படுத்தி ஒன்பது மாதத்துக்கு மேல் விற்காமல் கிடந்தால் அரசாங்கக் கணக்கில் அது தேங்கிய வீடு. ஒரு பக்கம் வீடில்லை என்று அழுகிறோம், இன்னொரு பக்கம் விளக்கு எரியாத மாடிகள், எப்படி என்று கேட்பீர்கள். நிலம் விலை ஏறியதும், அதே நிலத்தில் அதிக லாபம் தருகிற பெரிய வீட்டைத்தான் கட்டுகிறார்கள். 42,000 வெள்ளி, 72,500 வெள்ளி என்று விலை கட்டிய மலிவு வீடுகளையும் கட்டித்தர வேண்டும் என்பதால் அதன் நஷ்டத்தை மற்ற வீடுகளின் விலையில் ஏற்றுகிறார்கள். ஆக மேலே இருப்பவனுக்கு கொண்டோ இருக்கிறது, கீழே இருப்பவனுக்கு வரிசையில் நின்றால் மலிவு வீடு இருக்கிறது, 7,500 சம்பளக்காரன் நடுவில் தொங்குகிறான். வீட்டு விலை ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல 3 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கசானா ஆய்வுக் கழகம் கணக்கிட்டபோது 2014ல் மலேசியா முழுவதற்குமே 4.4 வந்தது. உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்: வருடம் 90,000, வீடு 550,000. 6 மடங்கு.

விலை இறங்குமா என்றால், நான் பார்த்தவரை இங்கே விலை இறங்குவதில்லை, நின்றுவிடுகிறது. 2014 பட்ஜெட்டில், மேம்பாட்டாளரே வட்டியைக் கட்டிக்கொள்கிற திட்டத்தைத் தடை செய்த பிறகு, கடனும் இறுகிய பிறகு, வேகம் குறைந்தது. ஆனால் யாரும் விலைப் பலகையைக் கீழே இறக்கவில்லை; இலவச சமையலறை, இலவச வக்கீல் கட்டணம், ஏர்கான் என்று கொடுத்தார்கள். வாங்கிய விலைக்கே பத்து வருடம் கழித்து விற்றவர் உண்டு. அதனால் இறங்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஏறிவிடும் என்று ஓடவும் வேண்டாம். இந்த வாரமே புக்கிங் என்கிற ஏஜெண்டுக்கு அவருடைய மாதக் கணக்கு, உங்களுக்கு 35 வருடக் கணக்கு. முத்தியாரா எல்ஆர்டி (இலகு ரயில்) வரப் போகிறது, ஸ்டேஷன் பக்கம் என்று அவர் சொன்னால், 2025ல்தான் வேலை தொடங்கியது, ரயில் ஓடிய பிறகு அந்த விலையைப் பேசலாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அக்கரை. தீவில் கொண்டோ கிடைக்கிற காசுக்கு சிம்பாங் அம்பாட்டிலோ பத்து காவானிலோ தரைவீடு, பராமரிப்புக் கட்டணம் இல்லாமல். மாமனார் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர் பாலத்தைத் தினமும் கடக்கிறவரா? 1985ல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், 2014ல் வந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். இரண்டாவது பாலத்தில் காருக்குத் தீவுப் பக்கம் வரும்போது 7 வெள்ளி டோல், 22 நாளைக்கு 154 வெள்ளி. மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை, ஆனால் கடல் காற்றும் மழையும் லாரியும் இலவசமாகச் சேர்ந்து வரும். நீங்கள் பாயான் லெப்பாஸ் என்பதால் இரண்டாவது பாலம் உங்களுக்குத் தோது, மனைவியின் கிளினிக் எங்கே என்று எழுதவில்லை. அது ஜார்ஜ் டவுன் பக்கம் என்றால் அவர் ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம், இரண்டு வண்டி, பிள்ளையை யார் எடுப்பது என்று தினமும் பேச்சு வரும். பத்து காவானிலேயே இப்போது பெரிய மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, உங்கள் வேலைக்கு அங்கே மாற முடிந்தால் கதையே வேறு. முடிவு எடுப்பதற்கு முன் மாமனார் வீட்டில் இரண்டு வாரம் தங்கி அங்கிருந்து வேலைக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலத்தில் போய்விட்டு இருபது நிமிஷம்தான் என்று சொல்லக்கூடாது.

வாங்கும் வரை வாடகை. இதில் ஒரு வேதனையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். போன் எடுத்ததும் என்ன இனம் என்று கேட்டு, இந்தியர் என்றதும் வீடு போய்விட்டது என்று வைத்துவிடுகிறார்கள். என் மகளுக்குப் போன வருடம் இதே ஊரில் நடந்தது. அதே வீடு மறுநாளும் விளம்பரத்தில் இருந்தது. இதைத் தடுக்கச் சட்டம் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் வருகிறது வருகிறது என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே குடியேறிய பிறகு உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது: 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7ஆம் பிரிவு. கோர்ட் உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்றக் கூடாது. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை அடித்து வையுங்கள், அந்தச் சில வெள்ளியை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முன்பணத்துக்குச் சேமநிதியை நம்பியிருப்பீர்கள். 2024 மே வரை உங்கள் சந்தாவில் 30 விழுக்காடு இரண்டாவது கணக்குக்குப் போனது, வீட்டுக்கு அதிலிருந்துதான் எடுப்போம். இப்போது வீட்டுக்கு எடுக்கிற செஜாத்ரா கணக்குக்கு 15 விழுக்காடுதான், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற ஃபிளெக்சிபல் கணக்குக்குப் போகிறது. அந்தப் பத்தைத் தொடாமல் விட்டால் அதுவும் வீட்டுக் காசுதான். புதுப் போனுக்கு எடுத்தால் போச்சு. மாநில வீடமைப்பு வாரியத்தில் மலிவு வீட்டுக்குப் பெயரையும் பதிந்து வையுங்கள். கிடைக்க நாளாகும், பரவாயில்லை.

இனி அம்மாவின் பிளாட். அவசரப்பட்டு உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் சொத்தில் முதல் 10 லட்சம் வெள்ளிக்கு முத்திரை வரி இல்லை என்பதால் நிறைய பேர் மாற்றுகிறார்கள். ஆனால் முதல் வீட்டுச் சலுகைக்கு நிபந்தனை, உங்கள் பெயரில் எந்தக் குடியிருப்பும் இதுவரை இருந்திருக்கக் கூடாது, அன்பளிப்பாகவோ வாரிசாகவோ வந்தது உட்பட. 42,000 வெள்ளி பிளாட்டை வாங்கிக்கொண்டு, 500,000 வீட்டில் கிடைக்கிற பதினோராயிரம் வெள்ளிச் சலுகையை விட்டுவிடுவீர்கள். முதலில் உங்கள் வீடு, பிறகு அம்மாவுடையது.

அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். அந்தக் காலத்து மலிவு பிளாட்டுகளில் பாதிப் பேர் கையில் இருப்பது வாங்கிய ஒப்பந்தம் மட்டும்தான். ஸ்ட்ரேட்டா கிராண்ட், அதாவது அடுக்குமாடி வீட்டுக்கான தனி உரிமைப் பத்திரம், வந்தும் போய் எடுக்காமல் விட்டிருப்பார்கள், வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து, அல்லது கடிதம் வந்ததே தெரியாமல். அம்மா இருக்கும்போது அவர் பெயரில் கிராண்டை மாற்றுவது ஒரு கையெழுத்து வேலை. இல்லாமல் போன பிறகு என்றால் அண்ணன் தம்பி எல்லாரையும் நில அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். எங்கள் அலமாரியில் அப்படி மூன்று தலைமுறை தாண்டிய கோப்புகள் கிடக்கின்றன. இந்தச் சனிக்கிழமை கொண்டோ பார்க்கப் போவதை ஒத்திவைத்துவிட்டு, பாயா தெருபோங் போய் அம்மாவிடம் அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். என்ன பேப்பர், மேலே யார் பெயர் என்று எழுதினீர்களானால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.